நாலு தசம் இரண்டு

குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கிற எதிரிக்கூண்டுக்கும் என் மேசைக்கும் இடையில் நாலு எட்டுத் தூரம்தான் இருக்கும். அந்த நாலு எட்டை அந்த மனிதர் எவ்வளவு வேகமாகக் கடந்தார் என்பதை நான் காணவில்லை. கண்டவர்கள் சொன்னதை வைத்தே எழுதுகிறேன். ஏனென்றால் அந்த நேரம் நான் மயங்கி விழுந்துகொண்டிருந்தேன்.

மழைக்கு முந்திய புழுக்கமான ஒரு திங்கட்கிழமை. நீதிமன்றத்தின் மின்விசிறிகள் சுற்றினவே தவிர, காற்று வரவில்லை. நான் அங்கே முதலியார். அந்தச் சொல்லைக் கேட்டதும் தலைப்பாகையும் முறுக்கு மீசையும் உங்கள் நினைவுக்கு வந்தால் அதை அழித்துவிடுங்கள். நான் சேலை கட்டிய முதலியார். வழக்கு இலக்கத்தைக் கூப்பிடுவது, குற்றப்பத்திரம் வாசிப்பது, சிங்களத்தில் சொல்லப்படும் சாட்சியத்தைத் தமிழில் சொல்வது, இவைதான் என் வேலை. நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை.

அன்று கூண்டில் நின்றவர் ரவி என்ற உழவு இயந்திரச் சாரதி. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய வழக்கு. நான் குற்றப்பத்திரத்தை எடுத்து, "எதிரியாகிய நீர்" என்று தொடங்கியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எழுத்துகள் எறும்புகள் மாதிரி ஊரத் தொடங்கின. காதுக்குள் இரைச்சல் கேட்டது. கால் இருந்த இடத்தில் கால் இல்லை.

ரவி கூண்டிலிருந்து பாய்ந்து வந்து என்னைத் தாங்கினார். எதிரி தப்பி ஓடுகிறார் என்று நினைத்த பொலிஸ்காரர் பாய்ந்து அவருடைய சட்டையைப் பிடித்தார். என்னை ரவி பிடிக்க, ரவியைப் பொலிஸ் பிடிக்க, மூன்று பேருமாகத் தரையில் இருந்துவிட்டோம்.

நீதவான் ஐயா பதறிப்போய் எழுந்துவிட்டார். நீதவான் எழுந்தால் எல்லோரும் எழவேண்டும் என்பது வழமை. ஆகவே சட்டத்தரணிகள், சாட்சிகள், பார்வையாளர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் தரையில் கிடக்க, ஒரு நீதிமன்றமே எழுந்து நின்றது. எங்கள் மாகாணத்தில் வேறெந்த முதலியாருக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்காது.

ஐஸ்கட்டிக் காலம்

"எல்லாம் எழுதுறியள், உங்கடை நோய் வருத்தங்களைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதிறியளில்லை" என்று இந்தப் பத்தியைப் படிக்கிற வாசகி ஒருவர் கடிதம் போட்டிருந்தார். எழுதுகிறேன் அக்கா. ஆனால் ஐஸ்கட்டியில் இருந்துதான் தொடங்கவேண்டும்.

விழுவதற்கு ஒரு வருடம் முந்தியே எனக்கு ஐஸ்கட்டிப் பைத்தியம் பிடித்திருந்தது. குடிக்கிற தண்ணீருக்குள் போடுவதற்கு இல்லை. கடித்துத் தின்பதற்கு. காலையில் எழுந்ததும் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு கட்டி, சமைக்கும்போது இரண்டு, வேலைக்குப் போகும்போது சுடுதண்ணீர்ப் போத்தல் நிறைய. சூடு காக்கச் செய்த போத்தல் என்னிடம் வந்து குளிர் காத்தது.

என் கணவர் சிவபாலன் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். கேள்வி கேட்கமாட்டார், தேவையைக் கண்டால் சாமான் வாங்கி வந்துவிடுவார். ஐஸ் வைக்கிற தட்டு மூன்று புதிதாக வாங்கி வந்தார்.

நீதிமன்றத்தில் யாரோ சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போது என் வாய்க்குள் கட்டி உடைகிற சத்தம் ஒருநாள் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. நீதவான் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"முதலியார், உங்கடை மேசைக்குக் கீழை எலி ஏதும் நிக்குதோ?"

"எலி இல்லை ஐயா" என்றேன். சத்தியம் செய்யாமலே உண்மை சொன்னேன். ஆனால் முழு உண்மை சொல்லவில்லை.

சின்ன வயதில் நான் பச்சையரிசி தின்கிற பிள்ளை. அரிசி தின்றால் கலியாணத்தன்று மழை கொட்டும் என்று அம்மா பயப்படுத்துவார். என் கலியாணத்தன்று பந்தல் பற்றி எரியாத குறையாக வெயில் அடித்தது. ஆகவே கண்டதையும் கடித்துத் தின்பதால் ஒரு கெடுதலும் வராது என்பது என் முடிவு. உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனால் சிலருக்கு ஐஸ்கட்டியும் அரிசியும் மண்ணும் தின்ன ஆசை வரும் என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரத்தம் எங்கே போனது என்பது எனக்குத் தெரியும். மாதத்தில் பத்து நாட்கள், சில மாதங்களில் பன்னிரண்டு நாட்கள் போய்க்கொண்டிருந்தது. கறுப்பு, கருநீலம், கடும் மண்ணிறம் தவிர வேறு நிறத்தில் சேலை கட்டுவதை நிறுத்தியிருந்தேன். மாற்றுத் துணிகள் நிறைந்த கைப்பைக்குள் சட்டப் புத்தகம் வைக்க இடமில்லை.

எங்கள் ஊர் வழக்கத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். முதல்முதல் வந்தபோது ஊரெல்லாம் சொல்லி, தண்ணீர் வார்த்து, ஆலாத்தி எடுத்து, நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் பருக்கிச் சாமத்தியவீடு என்ற பூப்புச் சடங்கு செய்தார்கள். தபால்காரருக்குக்கூடப் பலகாரம் போனது. அதன் பிறகு முப்பத்தைந்து வருடம் அந்தச் சங்கதியைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஊரே கொண்டாடிய விஷயம் அடுத்த மாதமே இரகசியமாகிவிடுகிறது.

சோதனைக்காரி இருக்கும் வீடு

வைத்தியரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். என் மகள் ஆரணி பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரச் சோதனை எடுக்கவிருந்தாள், உயிரியல் பிரிவில்.

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எடுக்கிற பிள்ளை உள்ள வீட்டைப் பற்றி வெளியூர் வாசகருக்கு ஒரு சொல். அந்த வீட்டில் தொலைக்காட்சி துணி போர்த்தியபடி இருக்கும். விருந்தினர் வாசல் படலையில் நின்றே கதைத்துவிட்டுப் போவார்கள். மிளகாய் வறுப்பதானால் பிள்ளை ரியூசனுக்குப் போனபிறகுதான். நல்லூரில் ஒரு ரியூசன், யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூசன், திரும்பி வர இருட்டிவிடும். அவள் வரும் பஸ்ஸுக்காக நான் றோட்டுக்கரையில் நிற்பேன். நிற்கும்போதே மூச்சு வாங்கும்.

சிகிச்சைக்குப் போனால் ஆஸ்பத்திரி வாட்டில் மறித்து வைப்பார்கள், மறித்தால் பிள்ளை குழம்புவாள், குழம்பினால் சோதனை போய்விடும் என்று நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். "ஆரணியின் சோதனை முடியட்டும்" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருடமாகச் சொன்னேன்.

கைவைத்தியம் மட்டும் நடந்தது. பீற்றூட் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்று நம்பி நாள்தோறும் பீற்றூட் சமைத்தேன். "ஏனம்மா, பீற்றூட் தோட்டம் ஏதும் குத்தகைக்கு எடுத்திருக்கிறமோ?" என்று ஆரணி கேட்டாள். இன்னொரு நாள் நான் கறி பரிமாறும்போது என் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, உங்கடை கண்ணின்ரை கீழ் இமை வெள்ளையாக் கிடக்கு. ஹீமோகுளோபின் குறைஞ்சா அப்பிடித்தான் இருக்குமாம். போய்க் காட்டுங்கோ."

"புத்தகத்திலை படிக்கிறதை என்னிலை பாக்காதை. போய்ப் படி" என்றேன்.

சோதனை தொடங்கிய மூன்றாம் நாள்தான் நான் விழுந்த அந்தத் திங்கள்.

பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில்

முதலில் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தம் சோதித்தவுடனேயே அம்புலன்ஸில் ஏற்றி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெண்கள் வாட்டில் கட்டில் கிடைத்தது. சிறிது நேரத்தில் சிவபாலன், கையில் கிறீஸ் அழுக்கோடு ஓடிவந்தார்.

வைத்தியர் இளம்பெண். என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும்.

"அம்மா, உங்கடை ஹீமோகுளோபின் நாலு தசம் இரண்டு."

"எத்தினைக்கு டொக்டர்?" என்று கேட்டார் சிவபாலன்.

"பன்னிரண்டாவது இருக்கவேணும் ஐயா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைத் தான் கவனிக்கவில்லையே என்ற முகம்.

வைத்தியர் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். எவ்வளவு காலமாக, மாதம் எத்தனை நாள், கட்டியாகப் போகிறதா என்றெல்லாம் கேட்டார். முப்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அந்தக் கேள்விகளைக் கேட்டார். அதுவும் என் கணவர் பக்கத்தில் நிற்க. எனக்குக் கூச்சத்தில் முகம் சிவந்திருக்கவேண்டும். சிவக்க உடம்பில் இரத்தம் இல்லை.

ஸ்கான் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டிகள். புற்றுநோய்க் கட்டி இல்லை என்று வைத்தியர் உடனேயே சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிவபாலன் சுவரில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"இண்டைக்கே ரத்தம் ஏத்தவேணும். ஒரேயடியாய் ஏத்தேலாது. இவ்வளவு குறைஞ்ச ரத்தத்தோடை இதயம் வேலை செய்து களைச்சுப்போயிருக்கு. மெதுமெதுவாய்த்தான்."

சிவபாலன் தொண்டையைச் செருமினார். "டொக்டர், குறை நினையாதேங்கோ. லீக்கை அடைக்காமல் தாங்கியிலை தண்ணி நிரப்பி என்ன பிரயோசனம்?"

வைத்தியர் சிரித்துவிட்டார். "சரியான கேள்வி ஐயா. போறதை நிப்பாட்ட மருந்து இப்பவே குடுக்கிறம். பேந்து ஆள் தேறினபிறகு ஒப்பரேசன். ஆனா தாங்கி வெறுமையாக் கிடந்தா ஒப்பரேசனும் செய்யேலாது."

அந்த விளக்கம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. நான்தான் இழுத்தேன்.

"டொக்டர், ரத்தம் ஏத்தாமல் மருந்துக் குளிசையாலை சமாளிக்கேலாதோ? வீட்டிலை சோதனை எடுக்கிற பிள்ளை இருக்கு. இன்னும் ரெண்டு பாடம்."

"குளிசை ரத்தமாக மாறக் கிழமைக்கணக்கு எடுக்கும் அம்மா. உங்களிட்டை அவ்வளவு நாள் இல்லை."

அவர் குரலை உயர்த்தவில்லை. நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் கையெழுத்து வைத்தேன். ஒரு நிபந்தனையோடு. பிள்ளைக்குச் சொல்லக்கூடாது. அம்மா ட்ரெயினிங்குக்காகக் கொழும்புக்குப் போய்விட்டார் என்று சொல்லவேண்டும். பொய் சொல்லிப் பழகாத சிவபாலன், அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

முழுப்பேர் சொல்லுங்கோ

இரத்தப்பை வந்தது. நான் நினைத்த சிவப்பு இல்லை. என் பீற்றூட் கறியைவிடக் கறுப்பு.

மிஸி என்று நாங்கள் கூப்பிடுகிற தாதி ஒருவர் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொரு மிஸி கடதாசியை வைத்துக்கொண்டு கேட்டார். "முழுப்பேர் சொல்லுங்கோ."

"தவமலர் சிவபாலன்."

"தகப்பன்ரை பேர்? வயசு? விலாசம்?"

எல்லாம் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் வைத்தியர் வந்து அதையே திரும்பக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருடமாகக் கூண்டில் நின்றவர்களிடம் நான் கேட்ட கேள்விகள் இவை. எத்தனையோ பேர் பயத்தில் தகப்பன் பெயரை மறந்து நின்றிருக்கிறார்கள். நான் அவர்களைப் பார்த்து மனதுக்குள் சிரித்திருக்கிறேன். அன்று என் வயதைச் சொல்லும்போது என் நாக்கும் ஒருதரம் தடக்கியது.

"ஏன் பிள்ளை இத்தினை தரம் கேக்கிறியள்?"

"ஆள் மாறி ஏத்தினா ஆபத்து அம்மா. சலிச்சுப்போனாலும் கேப்பம்."

ஊசி வழியாக முதல் துளி உள்ளே போனது. அதன் குளிர் மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரை ஏறியதை என்னால் அளக்க முடிந்தது. மிஸி கொஞ்ச நேரம் அங்கேயே கதிரை போட்டு இருந்தார். தோல் கடிக்குதா, நெஞ்சு நோகுதா, இடுப்பு நாரி உளையுதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு நோகவில்லை. யாரோ முகம் தெரியாத ஒருவர், ஏதோ ஒரு நாள், கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார் என்ற நினைப்புத்தான் வந்தது.

பக்கத்துக் கட்டில்

பக்கத்துக் கட்டிலில் நல்லூர்ப் பக்கத்தைச் சேர்ந்த பரமேஸ்வரி அம்மா. எழுபது கடந்தவர், நெற்றி நிறைய திருநீறு. அவருக்கும் அன்று இரத்தம் ஏற்ற இருந்தது. பையைக் கண்டதும் எழுந்து இருந்துவிட்டார்.

"பிள்ளை, உது சைவமோ, மச்சமோ?"

மிஸிக்கு விளங்கவில்லை. "என்னம்மா?"

"ரத்தம் தந்த ஆள் மீன், இறைச்சி தின்னுற ஆளோ எண்டு கேக்கிறன். நான் பிறந்ததிலையிருந்து சைவம்."

"அம்மா, பையிலை குறூப் மட்டும்தான் எழுதியிருக்கு. சாப்பாடு எழுதேல்லை."

பரமேஸ்வரி அம்மா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். வாட்டில் எல்லோரும் அவருடைய தீர்ப்புக்காகக் காத்திருந்தோம்.

"சரி. இண்டைக்கு வெள்ளிக்கிழமை இல்லைத்தானே. ஏத்துங்கோ."

சிரித்ததில் என் கட்டில் ஆடியது. மிஸி என்னை முறைத்தார். பிறகு அவரும் திரும்பி நின்று சிரித்தார்.

எங்கள் ஊரில் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்கு முன்னால் எத்தனை கேள்விகள் கேட்கப்பட்டன என்பது என் வயதுக்காரருக்குத் தெரியும். பையில் அந்த விபரங்களும் எழுதியிருக்கவில்லை. தந்தவர் பருத்தித்துறையோ, மாத்தறையோ, எந்த ஊர் என்றும் எழுதியிருக்கவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை.

நடுக்கம்

முதல் பை சுகமாக முடிந்தது. அடுத்த நாள் காலை இரண்டாவது பை.

தொடங்கி அரைமணித்தியாலம் இருக்கும். கால்விரலில் ஒரு நடுக்கம் தொடங்கியது. மின்விசிறியைக் குறைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்ல வாய் திறந்தால் பல்லோடு பல் அடித்தது. கட்டிலின் இரும்புக்கால் கடகடவென்று தரையில் தட்டியது. உடம்பு என் சொல் கேட்கவில்லை.

மிஸி ஓடிவந்து முதல் வேலையாக இரத்தக் குழாயைப் பூட்டினார். வைத்தியரைக் கூப்பிட்டார். காய்ச்சல் ஏறியிருந்தது. ஊசி போட்டார்கள். பையைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினார்கள். எல்லோரும் கெதியாக நடந்தார்கள், ஆனால் ஒருவரும் பதறவில்லை. மிஸி என் கையை விடவே இல்லை.

"சிலருக்கு இப்பிடி வாறது அம்மா. பாத்துக்கொண்டுதான் இருக்கிறம். என்ரை கையைப் பிடியுங்கோ."

சாவு பற்றிப் பெரிதாக எதையும் நான் யோசிக்கவில்லை. ஆரணி அப்போது இரசாயனவியல் தாள் எழுதிக்கொண்டிருப்பாள் என்று யோசித்தேன். சோதனை மண்டபத்திலிருந்து அவள் வெளியே வரும்போது, படலையில் யாராவது ஒரு சொந்தக்காரர் நின்று அவளுக்குச் செய்தி சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். கொழும்பில் இருக்கிற அம்மா எப்படி யாழ்ப்பாணத்தில் செத்தார் என்று அந்தப் பிள்ளை கேட்பாளே. அந்தக் கேள்விக்குச் சிவபாலன் என்ன பதில் சொல்வார்?

பிள்ளைக்காகப் பொறுக்கிறேன் என்று இரண்டு வருடமாக எனக்குப் பெருமை இருந்தது. நடுங்கிக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் அந்தப் பெருமை முழுக்கப் போய்விட்டது. பயம் மட்டும் மிஞ்சியது.

நடுக்கம் அடங்கியது. ஆபத்தான பொருத்தமின்மை எதுவும் இல்லை, உடம்பு காட்டிய சின்ன எதிர்ப்புத்தான் என்று பின்னேரம் சொன்னார்கள். வேறொரு பை, முந்தியதைவிட மெதுவாக ஏற்றினார்கள். அந்தப் பைக்குக் கீழே நான் படுத்திருக்கும்போதுதான் வாசலில் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் தெரிந்தன.

வெள்ளைச் சட்டைக்காரி

பாடசாலைச் சீருடையோடு ஆரணி வந்து கட்டிலடியில் நின்றாள். பின்னால் சிவபாலன், குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்ட எதிரி மாதிரி.

"நான் சொல்லேல்லையப்பா" என்றார் என்னிடம்.

"அப்பா சொல்லேல்லை. கொழும்புக்குப் போன அம்மாவின்ரை பயணப் பை அலுமாரிக்கு மேலையே கிடந்தது. சோதனை முடிய என்னோடை படிக்கிற பிள்ளையின்ரை தகப்பன் வந்து, அம்மாவுக்கு இப்ப எப்பிடி எண்டு கேட்டவர். அவர் உங்கடை கோட்டிலை லோயர்."

"சோதனை எப்பிடிச் செய்தனி?" என்றேன் நான்.

"கண்ணைக் காட்டுங்கோ."

குனிந்து என் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். அந்த வைத்தியர் செய்தது போலவே. பிறகு பையில் இருந்த எழுத்துகளை வாசித்தாள். பிறகு கட்டில் விளிம்பில் இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நீங்கள் முந்தியே சொல்லியிருந்தா நான் ரெண்டு நாள் அழுதிருப்பன். பேந்து படிச்சிருப்பன். அவ்வளவுதான் நடந்திருக்கும்."

"உனக்குக் குழப்பமா இருக்குமெண்டு..."

"நான் கதைச்சு முடிக்கட்டும். நீங்கள் செத்திருந்தா, பிள்ளையின்ரை சோதனைக்காகப் பொறுத்திருந்த தாய் எண்டு ஊர் உங்களைப் புகழ்ந்திருக்கும். நான் சாகுமட்டும் அந்தச் சோதனையை எழுதிக்கொண்டே இருந்திருப்பன்."

பக்கத்துக் கட்டிலில் பரமேஸ்வரி அம்மா தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார்.

இருபது வருடமாக எத்தனையோ சட்டத்தரணிகள் வாதாடுவதைக் கேட்டவள் நான். இதைவிடச் சுருக்கமான வாதத்தைக் கேட்டதில்லை.

"பிழைதான் பிள்ளை" என்றேன்.

அவள் என் மற்றக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பார்வை நேரம் முடியும்வரை குழாயில் விழும் துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது ஆஸ்பத்திரியில் எனக்குத் தந்த பணிஸைக் கேட்டு வாங்கித் தின்றாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

கறி மணந்தது

நாலு நாளில் வீட்டுக்கு விட்டார்கள். படலையில் இறங்கியதும் அடுத்த வீட்டு மிளகாய் வறுவல் மணந்தது. எத்தனை மாதமாக எனக்கு மணம் தெரியாமல் இருந்ததென்று அப்போதுதான் விளங்கியது. கிணற்றடிச் செவ்வரத்தைப் பூ இவ்வளவு சிவப்பா என்று நின்று பார்த்தேன். ஒருகிழமை கழித்துக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது, ஐஸ்கட்டி வெறும் ஐஸ்கட்டியாகத் தெரிந்தது. கடிக்கத் தோன்றவில்லை.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கக்கூடாது, அது இரும்பை உடம்பில் சேரவிடாது என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். யாழ்ப்பாணத்தாருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அனுபவித்தேன். நாலு மாதத்தில் ஒப்பரேசனும் முடிந்தது.

வேலைக்குத் திரும்பிய கிழமையில் ரவியின் வழக்கு வந்தது. பழைய விசாரணைத் தவணையின் பதிவை எடுத்துப் பார்த்தேன். "எதிரி கூண்டை விட்டு வெளியேறினார். தப்பிச் செல்லும் நோக்கத்தோடு அல்ல" என்று நீதவான் ஐயா தன் கையால் எழுதியிருந்தார்.

ரவி குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டம் விதிக்கப்பட்டது. உயிரைக் காப்பாற்றியதற்காக மணல் வழக்கில் தள்ளுபடி கிடையாது. தீர்ப்பை வாசித்துக் காட்டியவளும் நானேதான். கூண்டிலிருந்து இறங்கும்போது அவர் மெல்லக் கேட்டார்.

"அக்கா, இப்ப சுகமோ?"

"சுகம் தம்பி" என்றேன். மன்றில் எதிரியோடு நான் கதைத்த ஒரே ஒரு தனிக்கதை அதுதான். நீதவான் ஐயா அப்போது ஏதோ கடதாசி தேடிக்கொண்டிருந்தார்.

நீலத் தண்ணீர்

ஆரணிக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. விவசாயம் கிடைத்தது. கிளிநொச்சியில் படிக்கிறாள். மருத்துவம் கிடைக்காததற்கு நான் காரணமா என்று ஒருநாள் கேட்டேன். "பௌதிகவியல் காரணம்" என்றாள்.

இந்த வருடம் எங்கள் வாசிகசாலையில் இரத்ததான முகாம் வைத்தார்கள். ஆரணி விடுமுறையில் வீட்டில் நின்றாள். "எங்கடை வீட்டுக்கு மூண்டு பை வந்தது. ஒண்டாவது திருப்பிக் குடுக்கவேணும்" என்று என்னையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போனாள். என்னிடம் எடுக்கமாட்டார்கள், நான் பார்வையாளர். சிவபாலன் ஊசியைக் கண்டால் வெளிறுகிற ஆள். இருந்தும் வரிசையில் நின்றார்.

விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்து, சின்னக் கண்ணாடிக் குவளையில் இருக்கிற நீலத் தண்ணீரில் விடுகிறார்கள். இரத்தம் நல்லதாக இருந்தால் துளி நேரே அடிக்குப் போகும். சிவபாலனின் துளி கல்லுப் போட்டமாதிரிப் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தார்.

ஆரணியின் துளி கொஞ்சம் இறங்கியது. பிறகு நின்றது. பிறகு மெல்ல மேலே வந்து மிதந்தது.

மிஸி இன்னொரு துளி விட்டுப் பார்த்தார். அதுவும் மிதந்தது.

"தங்கச்சி, இண்டைக்கு எடுக்கேலாது. உங்களுக்கே காணாமல் கிடக்கு. களைப்பு ஏதும் இருக்கா? மாசத்திலை கூடுதலாப் போறதா?"

வாசிகசாலை நிறைய ஆட்கள். பின்னால் வரிசையில் பெரியப்பா முறையான இருவர், கோயில் தர்மகர்த்தா, அவளோடு படித்த பெடியன்கள் மூவர். நான் எழுந்து அவளுக்குப் பக்கத்தில் போனேன். என் வாய் பழக்கத்தில், "அங்காலை போய்க் கதைப்பம்" என்று சொல்லத் தொடங்கியது.

ஆரணி மிஸிக்கு நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். வழக்கு இலக்கம் கூப்பிடுகிற குரல் அவளுக்கும் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஓம் மிஸி. மாசம் எட்டு நாள் போகுது. போன வருசத்திலையிருந்து. படியேறக் களைக்குது. படிப்பு அலுப்பெண்டு நினைச்சிட்டு இருந்தனான்."

மூன்று பெடியன்களும் சுவரில் இருந்த பத்திரிகைப் பலகையை வாசிக்கத் தொடங்கினார்கள். தர்மகர்த்தா மின்விசிறியைப் பார்த்தார். மிஸி ஒரு துண்டில் கிளினிக் நாளை எழுதிக்கொண்டிருந்தார்.

ஊசி போட்ட கையை மடித்துப் பிடித்தபடி, வெளிறிய முகத்தோடு கட்டிலில் கிடந்த சிவபாலன் தலையைத் தூக்கினார்.

"மிஸி, எப்ப கிளினிக்?"

"செவ்வாய்க்கிழமை ஐயா."

"ஆரணி, செவ்வாய்க்கிழமை நான் பம்புக் கடை திறக்கமாட்டன். மூண்டு பேருமாப் போவம்" என்றார். வாசிகசாலை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார்.